அரியணை யாருடையது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உரிமை நம் பக்கம் இருக்கும்போது அதற்காகப் போரிடுவது தவறாகுமா? பாண்டிய நாட்டின் உடன்பிறந்தார் போர் இக்கேள்வியை நம் முன் வைக்கிறது.

திருவரங்கத்தில் பொன் வேய்ந்து கைங்கர்யம் செய்தவன் சடையவர்மன் சுந்தர பாண்டியன். அவன் மரபில் பின்னர் ஆண்ட மாறவர்மன் குலசேகரனுக்கு இரு மைந்தர்கள். மூத்தவன் சுந்தர பாண்டியன், பட்டத்தரசியின் மகன். இளையவன் வீர பாண்டியன், ஆசைநாயகியின் மகன். தந்தை இளையவனையே வாரிசாகக் கொண்டான். அதனால் வெகுண்ட மூத்தவன் 1310-ல் தந்தையைக் கொன்று முடி சூடினான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். 1311-ல் மாலிக் காஃபூரின் படை வந்தபோது பாண்டிய நாடு இரண்டுபட்டுக் கிடந்தது. 1323-ல் மற்றொரு படையெடுப்பு நேர்ந்தது. முதிய பிராயத்தில் பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் திருவரங்கம் திரும்பியது 1371-ல்தான். இவை அனைத்துக்கும் சகோதரச் சண்டையே காரணம் என்று கூறமாட்டோம். ஆயினும், நாட்டைக் காக்கவேண்டிய கைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன என்பது உண்மை.

ஒருவனுக்கு மூத்தவன் என்னும் உரிமை, மற்றவனுக்குத் தந்தையின் சொல். இதே வழக்கு திருவயோத்தியிலும் எழுந்தது. அங்கே மூத்தவரான பெருமாள் தந்தையின் சொல்லை மதித்துக் கானகம் ஏகினார். தந்தையின் சொல்லால் அரசு பெற்ற பரதாழ்வானோ மூத்தவரின் உரிமையை எண்ணி அதனை மறுத்தார். மதுரையில் ஒவ்வொருவனும் தன் உரிமையைக் கண்டான். அயோத்தியில் ஒவ்வொருவரும் மற்றவரின் உரிமையைக் கண்டனர்.

வங்கிப் பணியில் நாமினி என்பவரை நன்கறிவோம். இறந்தவரின் வைப்புத்தொகையைப் பெற்றுக்கொள்ள அவருக்குத் தகுதி உண்டு. ஆனால் அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். வாரிசுகளுக்காக அதனை வைத்திருப்பவரே அவர். திருவடிநிலைகளை அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் நாடாண்ட பரதாழ்வானின் நிலையும் அத்தகையதே.

அடியோம் இதனை ஏட்டில் மட்டும் கற்றிலோம். தந்தையார் வீட்டைப் பங்கிட்டபோது ஒரு சுவருக்காகத் தமையனாருடன் இரண்டாண்டுகள் பேசாதிருந்தோம். பத்திரம் எம் பக்கமே பேசியது. அந்த இரண்டாண்டுகளில் தாயார் பரமபதித்தார்; பிள்ளைகள் இருவரும் ஒரே வீட்டில் அமர்ந்து உண்பதை அவர் காணவேயில்லை.

ஸர்வஸ்வாமி ஒருவனே, நாம் அவனுக்குச் சேஷபூதர். இதனை உணர்ந்தவன் உரிமையை இழப்பதில்லை. அதனைக் கொண்டு யாரைக் காக்கலாம் என்று கேட்கிறான். உரிமை உண்டா என்று மட்டும் கேட்பவனுக்கு மதுரையின் வழியே கிட்டும்.

அடியோங்கள்