தாங்குகிறவர்கள்

“அவரு தாங்குவாரு.” தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பட்டியல் போடும்போது நான் அடிக்கடி சொன்ன வாக்கியம் இது. அந்த டெக்னீஷியன் அண்ணனுக்கு வயது ஐம்பதுக்கு மேல். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் “பரவால்ல தம்பி” என்று போய்விடுவார். அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

மதில்ட் என்ற சிறுகோளைப் பற்றி வாசித்தபோதுதான் அந்த வாக்கியம் உறுத்தியது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் கரிமம் மிகுந்த கல் அது. விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதன் பள்ளங்களுக்கு நிலக்கரி வயல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் தாமோதரும் அதில் உண்டு.

1997 ஜூன் 27 அன்று நியர் விண்கலம் அதைக் கடந்து போனது. சுமார் 53 கிலோமீட்டர் குறுக்களவுள்ள கல்லில் 30 கிலோமீட்டர் அளவுக்குப் பள்ளங்கள். இவ்வளவு அடி வாங்கியும் ஏன் சிதறவில்லை? அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம்தான். உள்ளே ஏறக்குறைய பாதி வெற்றிடம். மோதலின் ஆற்றல் அந்த இடைவெளிகளை நசுக்குவதிலேயே பெரும்பாலும் செலவாகியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

நம் மோட்டார் ஹெல்மெட்டில் உள்ள நுரையும் இப்படித்தான். தான் நசுங்கி, தலையைக் காக்கும். ஒரு விபத்துக்குப் பிறகு, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அதை மாற்றச் சொல்வார்கள். தாங்கியது என்பதற்காக இன்னொரு அடிக்குத் தயார் என்று அர்த்தமில்லை.

மனிதர்களிடம் மட்டும் நாம் தலைகீழாகக் கணக்குப் போடுகிறோம். தாங்கியவரைப் புகழ்கிறோம், அந்தப் புகழையே அடுத்த சுமைக்கு அனுமதிச் சீட்டாக்குகிறோம். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் அது அவருடைய குணம். என் வசதிக்கான வளமல்ல. கல்லுக்கு வலி இல்லை என்று யாராவது சொல்லலாம். உண்மை. அதனால்தான் கல்லிடம் நாம் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மனிதரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மதில்ட் ஒருமுறை தன்னைச் சுற்ற 17 நாட்களுக்கு மேல் ஆகும். விரைந்து கடந்த விண்கலத்தால் அதன் முழு உருவத்தையும் பார்க்க முடியவில்லை. நானும் அந்த அண்ணனின் “பரவால்ல” பக்கத்தை மட்டுமே பார்த்தவன்.

போன மாதம் கேட்டேன். “ஏண்ணே, முடியலன்னு சொல்லியிருக்கலாமே?”

“நீங்க பட்டியல ஒட்டிட்டுத்தானே தம்பி சொல்றீங்க?”

இப்போது சுழற்சி முறையில் பட்டியல் போடுகிறேன். இரண்டு பேர் என்மீது கோபமாக இருக்கிறார்கள். அந்தக் கோபத்தை இவ்வளவு நாளும் அவர்தான் எனக்காகத் தாங்கியிருக்கிறார்.