குமாரத்திகள்மேலும் ஊற்றப்பட்ட ஆவி



 இந்த மாதம் நாம் தியானிக்கப்போகிற வேதபகுதி யோவேல் 2:28, 29. பெந்தெகொஸ்தே நாளிலே பேதுரு பதினொருவரோடும் எழுந்து நின்று எடுத்துப் பேசினதும் இதே பகுதிதான் (அப். 2:17, 18). நம் சபைகளில் இதை அறியாதவர் யாரும் இல்லை. கன்வென்ஷன் பந்தலில் இதை வாசித்தாலே போதும், அல்லேலூயா சத்தம் வானத்தை எட்டும்.

ஆனால் நிதானமாய்க் கவனியுங்கள். ஆவியானவர் குமாரர்மேல் மட்டுமா ஊற்றப்படுகிறார்? குமாரத்திகள்மேலும். ஊழியக்காரர்மேல் மட்டுமா? ஊழியக்காரிகள்மேலும். அதாவது, அடுத்தவர் வீட்டில் பாத்திரம் துலக்குகிற பெண் வரைக்கும் பங்கு உண்டு. பரலோகத்தின் தேவன் இப்படிப் பங்கு வைத்திருக்க, நம் வீட்டில் நாம் எப்படிப் பங்கு வைக்கிறோம்?

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களுக்கு வீட்டு ஜெபத்துக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "பாஸ்டர், புள்ள பத்தாவது முடிச்சிட்டா. மாப்பிள்ளைக்குப் பெங்களூர்ல வேல. நல்ல இடம், விட மனசில்ல. நீங்க வந்து ஜெபம் பண்ணி நிச்சயம் பண்ணிக் குடுக்கணும்." வயசு என்ன என்று கேட்டால் தாய் தலையைக் குனிந்துகொள்கிறாள். அதே வீட்டில் அண்ணன் பாலிடெக்னிக் படிக்கிறான். "அவன் ஆம்பளைங்க, நாளைக்குச் சம்பாதிச்சுப் போடுவான். இவ எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போறவதானே?" விசுவாசியின் வீடு, சுவரில் வசனக் காலண்டர் தொங்குகிறது. ஆனால் கணக்கு மட்டும் உலகத்தாரின் கணக்கு!

நம் மாவட்டத்தின் நிலை என்ன? பெண் சிசுக்கொலை நிமித்தம் 1992-ல் சேலத்தில் தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவரப்பட்டது. பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலிலாவது போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்த மண் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி மாவட்டமாக நின்றதும் தருமபுரிதான். பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. இந்த மண்ணிலேதான் கர்த்தர் நம்மை விளக்காக வைத்திருக்கிறார். மூன்று காரியங்களைப் பார்ப்போம்.

1. அவள் கற்றுக்கொள்ள வேண்டும்

பெண்கள் படிப்பதற்கு விரோதமாய்ச் சிலர் 1 தீமோத்தேயு 2:11-ஐத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அமைதலாய் இருக்கச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அப்போஸ்தலன் அங்கே கட்டளையிடுகிற காரியம் என்ன? ஸ்திரீ கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே! அதைத் தாண்டிக் குதித்துவிட்டு மற்றதை மட்டும் போதித்தால் அது வேதத்தைப் பகுத்துப் போதிப்பதாகுமா? மரியாள் ஆண்டவருடைய பாதத்தருகே உட்கார்ந்தாள் (லூக். 10:39). அது சீஷன் உட்காருகிற இடம். அடுப்படிக்கு எழுந்து போ என்று இயேசு அவளைத் துரத்தவில்லை.

பண்டித ரமாபாய் அம்மையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய தகப்பன் அனந்த சாஸ்திரி ஒரு பிராமணப் பண்டிதர். தன் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். பெண்ணுக்கு சாஸ்திரமா என்று ஊர் எதிர்த்தது. அவரோ பின்வாங்கவில்லை. குடும்பத்தோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலக் காட்டுக்குள் போய்க் குடியிருந்தார். அங்கே 1858-ல் பிறந்தவர்தான் ரமாபாய். தகப்பன் தாய்க்குக் கற்பித்தார், தாய் மகளுக்குக் கற்பித்தாள். லோவிசாளிடமிருந்து ஐனிக்கேயாளுக்கும், ஐனிக்கேயாளிடமிருந்து தீமோத்தேயுவுக்கும் விசுவாசம் வந்த வழியைப் போலவே (2 தீமோ. 1:5).

அந்த மகள் பிற்காலத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். புனே பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் முக்தி மிஷன் என்கிற அடைக்கல வீட்டைக் கட்டினார். பஞ்சத்தில் தப்பின பெண்களும், கைவிடப்பட்ட இளம் விதவைகளும் அங்கே எழுத்துப் படித்தார்கள். தறி நெய்தார்கள், விவசாயம் செய்தார்கள், அச்சகம் நடத்தினார்கள். ரமாபாய் எபிரெயு, கிரேக்கு மொழிகளைக் கற்று வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். அச்சுக் கோர்த்தவர்கள் அந்தப் பெண் பிள்ளைகளே.

தேவபிள்ளைகளே, இங்கே கவனியுங்கள். 1905 ஜூன் மாதக் கடைசியில் அந்த முக்தி வீட்டிலேதான் ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் 1906 ஏப்ரலில். அதற்கு முன்னமே நம் இந்திய மண்ணில், உலகம் ஒதுக்கித் தள்ளின விதவைகள்மேலும் அநாதைகள்மேலும் அக்கினி விழுந்தது! அங்கே ஊழியஞ்செய்த மின்னி ஏப்ரம்ஸ் என்ற சகோதரி அதைப் பற்றி எழுதின புத்தகம் தென் அமெரிக்காவில் சிலி தேசத்திலிருந்த அவருடைய சிநேகிதியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1909-ல் அங்கேயும் எழுப்புதல் பற்றி எரிந்தது. ஒரு தகப்பன் தன் வீட்டுப் பெண்ணுக்குப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தான். அந்தக் குடும்பத்தின் வழியாய் வந்த ஆசீர்வாதம் சமுத்திரத்தைத் தாண்டிப் போனது. கிறிஸ்துவை அறியாத அந்தத் தகப்பனுக்கு இருந்த துணிச்சல் நமக்கு வேண்டாமா?

வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். வியாதி முற்றினால் சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம் அது. ஐடா ஸ்கடர் அம்மையார் வாலிபப் பெண்ணாய்த் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இராத்திரியில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவிமாரின் பிரசவத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஐடாவோ டாக்டர் அல்ல. டாக்டரான தகப்பனாரை அனுப்புகிறேன் என்றபோது, ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடியும்போது மூன்று பெண்களும் மரித்துப்போயிருந்தார்கள். அதன்பின் அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து, 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண் படிக்காவிட்டால் பெண்ணே சாகிறாள்!

2. அவள் கைகளின் பலன் அவளுக்கே

நீதிமொழிகள் 31-ஐக் கல்யாண வீட்டில் வாசிக்கிறோம். அந்தக் குணசாலியான ஸ்திரீ நிலத்தை விசாரித்து வாங்குகிறாள், தோட்டம் நாட்டுகிறாள், துணி நெய்து வியாபாரிக்கு விற்கிறாள். வேலை செய்கிற பெண் நமக்குப் புதிதல்ல. ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, இங்கே தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறதும், மாட்டுக்குத் தீவனம் போடுகிறதும், புளி உடைத்துக் கொட்டை எடுக்கிறதும் நம் சகோதரிகள்தானே?

பலருக்கு மறந்துபோன ஒரு சரித்திரம் சொல்லுகிறேன். தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலாய்த் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்திலேதான், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது நம்மோடு இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்துப் போடப் பழகினார்கள், வங்கி மேனேஜர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பின்னர் அது மாநிலம் முழுவதும் மகளிர் திட்டமாய்ப் பரவினது. கல்வியில் கடைசி என்று பேர் வாங்கின மாவட்டம் இதிலே முந்திக்கொண்டது!

ஆனால் ஒரு வேதனையையும் சொல்லவேண்டும். சில வீடுகளில் கடன் பத்திரத்தில் கையெழுத்து அவளுடையது, செலவு அவனுடையது, வாராவாரம் தவணை கட்டுகிறது மறுபடியும் அவள். சகோதரரே, 31-ஆம் வசனத்தை வாசியுங்கள். அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுக்கச் சொல்லுகிறது வேதம். அதைப் பிடுங்குகிறவன் யாருடைய பொருளைத் திருடுகிறான்?

சுமங்கலித் திட்டம் என்று அழகான பேர் வைத்து, மூன்று வருஷம் வேலை, முடிவில் மொத்தப் பணம் என்று சொல்லி, கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து மில்லுகளுக்கு ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். படிக்க வேண்டிய பிள்ளையை வரதட்சணைக்காக அடகு வைக்கிறது வேலையல்ல. வேலைக்குப் போகட்டும், ஆனால் படித்து, தன் கூலியைத் தானே எண்ணி வாங்கத் தெரிந்து போகட்டும்.

3. ஆண்மகனுக்கும் ஒரு மாதிரி உண்டு

பெண் படித்து வேலைக்குப் போனால் வீடு என்ன ஆகும் என்கிறார்கள். யோவான் 21-ஐப் பாருங்கள். மரணத்தை ஜெயித்து உயிர்த்தெழுந்த ராஜாதி ராஜா கடற்கரையில் என்ன செய்துகொண்டிருந்தார்? கரிநெருப்புப் போட்டு, மீன் சுட்டு, ராமுழுக்க உழைத்துக் களைத்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். நமக்கோ ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்கக் கௌரவம் இடங்கொடுப்பதில்லை! ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஒன்றாய்க் கூடாரம் பண்ணினார்கள், ஒன்றாய் அப்பொல்லோவுக்கு உபதேசித்தார்கள் (அப். 18:26). அவர்கள் வீடு கெட்டுப்போகவில்லை. சபை கூடுகிற வீடாய் மாறினது.

முடிவாக, வெளிப்படையாய்ச் சொல்லுகிறேன். 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு நிச்சயம் பண்ண நான் வரமாட்டேன். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் மாப்பிள்ளையையும் பெற்றோரையும் மட்டுமல்ல, நடத்தி வைக்கிற ஊழியக்காரனையும் தண்டிக்கும்: இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. தேவன் தம்முடைய ஆவியை ஊற்றின பாத்திரத்தைப் பாதியிலே உடைக்க எனக்கு அதிகாரமில்லை.

தகப்பன்மாரே, பன்னிரண்டாவதுக்கு மேலே எப்படிப் படிக்க வைக்கிறது என்று மலைக்கிறீர்களா? சாயங்காலத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க சபைக் கட்டடம் திறந்திருக்கும். படித்த வாலிபர்கள் வந்து சொல்லிக்கொடுங்கள். கைநாட்டு வைக்கிற தாய்மாரே, நீங்களும் வாருங்கள். அடுத்தவர் வாசித்துக் கேட்ட வேதத்தை உங்கள் கண்ணாலே வாசிக்கிற சந்தோஷத்தை ருசிபாருங்கள். பிலிப்புவுக்குத் தீர்க்கதரிசனஞ் சொல்லுகிற நாலு குமாரத்திகள் இருந்தார்கள் (அப். 21:9). நாலும் பெண்ணாப் போச்சே என்று அவர் புலம்பினதாக வேதத்தில் எங்கேயும் இல்லை!

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, தருமபுரியின் குமாரத்திகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். தொட்டிலிலே தள்ளப்பட்டவர்களை நீர் தூக்கி எடுத்தீர். பள்ளிக்கூட வாசலிலே நிறுத்தப்பட்டவர்களுக்கு வாசலைத் திறந்தருளும். தகப்பன்மாரின் இருதயங்களைப் பிள்ளைகளிடத்திற்குத் திருப்பும். எங்கள் வீடுகளிலிருந்தே எழுப்புதலைத் தொடங்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்