கிட்டங்கி நிறைந்திருப்பது குற்றமா?

சரக்கு வாங்கி அடுக்காதவன் வியாபாரி அல்லன். பெருநாளை எண்ணியும், கப்பல் தாமதத்தை எண்ணியும், அரிசி, பருப்பு, மிளகாய், எண்ணெய் எனக் காலத்தோடு வாங்கிக் கிட்டங்கியை நிரப்பி வைப்பவனையே ஊர் நம்புகிறது. ஆனால், அதே மூட்டைகளைச் சுட்டிக்காட்டித்தான் "பதுக்கல்காரன்" என்ற பழிச்சொல்லும் வந்து சேருகிறது. மூட்டை ஒன்று, பெயர் இரண்டு. ஒரு பெயர் எவ்விடத்தில் முடிந்து மற்றது எவ்விடத்தில் தொடங்குகிறது என்று நம் வியாபாரப் பெருமக்களில் எத்தனை பேர் நின்று யோசித்திருக்கிறோம்?

சேமித்து வைப்பதை மார்க்கம் வெறுக்கவில்லை. நபி யூசுஃப் (அலை) அவர்கள் ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு வைத்துக் காக்கச் சொன்ன வரலாற்றைத் திருக்குர்ஆனில் ஓதுகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததும் ஹதீஸில் உண்டு. சிங்கப்பூரிலோ, இருப்புத் திட்டத்துக்கு உட்பட்ட அரிசியை இறக்குமதி செய்பவர், தம் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கைக் கையிருப்பில் வைத்தே ஆகவேண்டும் என அரசாங்கமே விதித்திருக்கிறது. இருப்பு வைக்காவிட்டால்தான் அங்கே குற்றம்!

மறுபுறம், பதுக்குகிறவன் பாவி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக மஃமர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அதே இடத்தில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. இந்த ஹதீஸை மஃமரிடமிருந்து கேட்டுச் சொன்னவர் மதீனாவின் பேரறிஞர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்). தாங்களே சரக்கைத் தேக்கி வைக்கிறீர்களே என்று ஒருவர் அவரிடம் கேட்டுவிட்டார். எனக்கு இதை அறிவித்த மஃமரும் அப்படித்தான் வைத்திருந்தார் என்பது ஸயீதின் பதில். கேட்டவுடன் நமக்கு வியப்பாக இருக்கிறது. சொல் ஒன்று, செயல் ஒன்றா என்று தோன்றுகிறது. அபூதாவூத் நூலில் முடிச்சு அவிழ்கிறது. ஸயீத் தேக்கி வைத்தவை பேரீச்சங்கொட்டை, ஒட்டகத் தீவனத்துக்காக மரத்திலிருந்து அடித்து உதிர்த்த இலை, விதை ஆகியவை. மக்கள் வாய்க்குப் போகும் தானியத்தை அவர் முடக்கவில்லை.

சரி, மாட்டுத் தீவனமென்றால் தேக்கலாம், அரிசியென்றால் கூடாது. அவ்வளவுதானே என்று முடித்துவிட முடியுமா? இங்கேதான் இமாம்கள் பிரிகிறார்கள். நம்மில் ஷாபிகளும் உண்டு, ஹனஃபிகளும் உண்டு. இரு சாராரும் கேட்டுக்கொள்ள வேண்டியது இது. இமாம் நவவி (ரஹ்) விளக்கியபடி, விலையேற்றக் காலத்தில் உணவுப் பொருளை வாங்கி, மேலும் ஏறட்டும் என்று விற்காமல் வைப்பதே ஹராமான பதுக்கல். மலிவான காலத்தில் வாங்கி வைத்ததும், சொந்த நிலத்தில் விளைந்ததும் அதில் சேரா. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ மனிதர் உணவோடு கால்நடைத் தீவனத்தையும் சேர்த்தார்கள். கோதுமையும் வாற்கோதுமையும் போலவே வைக்கோலும் அவர்கள் கணக்கில் வந்துவிடுகிறது. வாயில்லாப் பிராணி பசித்தாலும் பசிதானே! அவர்தம் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எதை முடக்கினால் பொதுமக்களுக்குத் தீங்கு வருமோ, அது தங்கமோ வெள்ளியோ துணியோ, எதுவாயினும் பதுக்கலே என்றார்கள்.

நாம் அபூயூசுஃபின் பக்கமே சாய்கிறோம். காரணம் 2020-ஆம் ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரி 7 அன்று சிங்கப்பூரில் நோய் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு ஏறிய அன்றே அரிசியும் மீயும் கழிப்பறைத் தாளும் அலமாரிகளிலிருந்து மறைந்தன. மார்ச்சில் மலேசியாவிலும் நடமாட்டக் கட்டுப்பாடு அறிவித்தபோது அதே நெரிசல். முகக்கவசம் உண்ணும் பொருளுமல்ல, தீவனமுமல்ல. ஆனாலும் அந்நாட்களில் அதைப் பெட்டி பெட்டியாய் ஒளித்து வைத்தவனைப் பார்த்து, உனக்குத் தீவனத்தின் சலுகை உண்டு என்று யார் சொல்லத் துணிவார்?

நம் ஊர்களுக்கு இதைவிட முக்கியமான சர்ச்சை ஒன்றுண்டு. வேற்றூரிலிருந்து தானே கொண்டுவந்த சரக்கைத் தேக்கி வைப்பது பதுக்கலாகாது என்பது இமாம் அபூஹனீஃபாவின் கூற்று. அதில் ஊர் மக்களுக்கு உரிமை ஏற்படவில்லை என்பது காரணம். இதை அப்படியே எடுத்துக்கொண்டால் சிங்கப்பூரில் பதுக்கல் என்பதே கிடையாது! அங்கே வயலேது? தாய்லாந்து, இந்தியா, வியட்நாம் என்று அரிசி முழுதும் கடல் கடந்தே வருகிறது. இவ்விடத்தில் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கூற்று நமக்கு வெளிச்சம். எந்த இடத்திலிருந்து ஓர் ஊருக்குப் பெரும்பாலும் சரக்கு வந்துகொண்டிருக்கிறதோ அந்த இடம் அவ்வூரின் சுற்றுப்புறம் போன்றதே. அங்கிருந்து வந்ததைப் பதுக்குவதும் ஆகாது என்றார்கள். ஈராக்கிலிருந்து அவர்கள் சொன்னது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நம் துறைமுகத்துக்கு எவ்வளவு கச்சிதமாய்ப் பொருந்துகிறது!

2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. மறுநாள் காலை கடை திறக்கும் முதலாளியை நினைத்துப் பாருங்கள். பழைய விலைக்கு வாங்கிய நூறு மூட்டை உள்ளே இருக்கிறது. இனி வரும் சரக்கு என்ன விலையோ, வருமோ வராதோ தெரியாது. பழைய விலைக்கே விற்றுத் தீர்த்தால், அடுத்த கொள்முதலுக்குக் கல்லாவில் பணம் போதாது. விலையைக் கொஞ்சம் ஏற்றி, கதவைத் திறந்து வைத்து, கேட்பவருக்கெல்லாம் கொடுத்தால் அவரைப் பதுக்கல்காரர் என்று நாம் சொல்லமாட்டோம். (அரசாங்கம் உச்சவரம்பு வைத்த பொருளென்றால் அது வேறு.) ஆளுக்கு ஒரு மூட்டை என்று அளவு வைத்தாலும் நல்லதே. எல்லாருக்கும் எட்டும்.

அதே முதலாளி பாதி மூட்டைகளைப் பின்னறையில் தள்ளிப் பூட்டிவிட்டு, வந்தவரிடம் "சரக்கு முடிந்துவிட்டது" என்று சொன்னால்? அந்தக் கணத்தில் இருப்பு பதுக்கலாகிறது; பொய்யும் கூடவே வருகிறது. பெரும்பாலும் அந்தப் பொய்யை முதலாளி தம் வாயால் சொல்வதில்லை. ஊரிலிருந்து பிழைக்க வந்து, சம்பளத்துக்காகக் கல்லா ஓரம் நிற்கும் பையன் சொல்லவேண்டியதாகிறது. இதை நாம் தனியே கவனிக்கவேண்டும்.

எத்தனை நாள் வைத்தால் பதுக்கல் என்ற கேள்விக்கும் ஹனஃபி நூல்களில் விடை தேடியிருக்கிறார்கள். நாற்பது நாள் என்றும், ஒரு மாதம் என்றும் சொன்னவர்கள் உண்டு. அந்தக் கெடு உலகத் தண்டனைக்குத்தான், பாவமோ சில நாளிலேயே சேர்ந்துவிடும் என்றும் எழுதி வைத்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஒரு வியாபாரியைப் பற்றிச் சொல்கிறார்கள். வாஸித் நகரில் இருந்த அவர் பஸராவுக்குக் கப்பலில் கோதுமை அனுப்பி, சேர்ந்த அன்றே விற்றுவிடும்படி தம் ஆளுக்கு எழுதினார். அங்குள்ள வியாபாரிகளோ ஒரு வாரம் பொறுத்தால் லாபம் பன்மடங்காகும் என்று ஆசை காட்ட, அவனும் பொறுத்தான், லாபமும் வந்தது. மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினான். முதலாளி மகிழவில்லை. மார்க்கம் பத்திரமாயிருக்கக் கொஞ்ச லாபமே போதும் என்றிருந்தோம், நீ மாறு செய்துவிட்டாய். பணம் முழுவதையும் பஸராவின் ஏழைகளுக்குக் கொடுத்துவிடு, அதன் பிறகும் பாவமும் நன்மையும் சரிக்குச் சரியாகித் தப்பினால் போதும் என்று பதில் எழுதினார்.

ஒரு வாரம்! நாற்பது நாளுமல்ல, ஒரு மாதமுமல்ல. எந்த மத்ஹபின் கெடுவுக்குள்ளும் அடங்கிவிடக்கூடிய அந்த ஏழு நாட்களுக்காக அவர் லாபத்தை மட்டுமின்றி முதலையும் விட்டார். நம் கணக்குப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், முதலை ஏன் விடவேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நாமும் கேட்டுப் பார்த்தோம்.