வல்லவரும் பெரியவரும்

கூடைப்பந்தாட்டத்தின் வரலாற்றில் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்னும் வினா எழுந்துவிட்டால், அமெரிக்க மக்கள் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்பர். ஒரு சாரார்க்கு மைக்கேல் ஜோர்டனே தலைவர். 1991 முதல் 1998 வரையிலான காலத்தில் ஆறு முறை இறுதிச் சுற்றுக்கு வந்து, ஆறு முறையும் வாகை சூடியவர் அவர். மற்றவர்க்கோ லெப்ரான் ஜேம்ஸ். கரீம் அப்துல் ஜபார் குவித்து வைத்த 38,387 புள்ளிகளை 2023ஆம் ஆண்டில் கடந்தவர். மூன்று வெவ்வேறு அணிகளுக்கு வெற்றி தேடித் தந்தவர். முடிதிருத்தும் கடைகளிலும் கல்லூரி விடுதிகளிலும் இவ்வழக்கு ஓயாமல் நடக்கிறது. தீர்ப்புத்தான் வருவதில்லை.

சான்றுகள் குறைவு என்பதன்று காரணம். அவை மலைபோல் குவிந்து கிடக்கின்றன. வழக்காடுவோர் ஒரே சொல்லை வழங்கினும், அச்சொல்லுக்குள் வெவ்வேறு பொருளை வைத்திருக்கின்றனர். வல்லவர், வென்றவர், பெரியவர் எனத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு. மூன்றும் ஒருவரையே சுட்ட வேண்டும் என்னும் கட்டாயம் உண்டா?

ஜோர்டன் பிறப்பதற்கு முன்பே இவ்வழக்கு தொடங்கிவிட்டது. அன்று எதிரெதிரே நின்றோர் வில்ட் சேம்பர்லேனும் பில் ரசலும் ஆவர். ஏழடிக்கு மேல் வளர்ந்த சேம்பர்லேன், 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் ஹெர்ஷி என்னும் சிற்றூரில் நடந்த ஆட்டத்தில் தனியொருவராக 100 புள்ளிகள் எடுத்தார். அப்பருவம் முழுவதும் ஆட்டத்திற்கு 50.4 புள்ளி என்பது அவருடைய சராசரி. ரசலின் சராசரியோ 18.9. ஆயினும் அவ்வாண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது ரசலுக்கே கிடைத்தது. வழங்கியவர்கள் வெளியார் அல்லர்; அந்நாளில் ஆட்டக்காரர்களே வாக்களித்து அவ்விருதுக்குரியவரைத் தேர்ந்தனர். ஐம்பதைக் காட்டிலும் பதினெட்டில் எதைக் கண்டனர் அவர்கள்?

ரசலின் கலை தடுக்கும் கலை. எதிரியின் பந்தைக் காற்றிலேயே மறித்து, அதை எல்லைக்கு வெளியே விளாசாமல், தம் தோழரின் கைக்குச் செல்லுமாறு மெல்லத் தட்டிவிடுவார். இவ்வாறு தடுத்தவற்றை எண்ணிப் பதியும் வழக்கம் 1973ஆம் ஆண்டிலேதான் வந்தது. ரசல் ஓய்வு பெற்றதோ 1969இல். ஆகவே அவருடைய தலையாய திறமைக்கு ஏட்டில் ஓர் எண்ணும் இல்லை. எண்ணப்படாதது நிகழாதது போல் ஆகிவிடுகிறது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று.

பதின்மூன்று பருவங்களில் பதினொரு முறை ரசலின் பாஸ்டன் அணி வாகை சூடியது என்பது மெய்யே. அவர் வந்தபோது இருந்தவை எட்டே அணிகள் என்பதும், உடன் ஆடியோர் தேர்ந்த வீரர்கள் என்பதும் மெய்யே. ஐவர் ஆடும் ஆட்டத்தில் வெற்றியை ஒருவர் பெயரில் எழுதுவது எங்ஙனம் முறையாகும்? 1969ஆம் ஆண்டில் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர்க்கென ஒரு விருது முதன்முதலாக ஏற்படுத்தப்பட்டது. அதைப் பெற்றவர் ஜெரி வெஸ்ட். அவரோ தோற்ற அணியைச் சேர்ந்தவர். 2009ஆம் ஆண்டில் அவ்விருதுக்கு ரசலின் பெயரே சூட்டப்பட்டது. ரசல் அதை ஒருமுறையும் பெற்றவரல்லர்.

இனி, ஆடுகளத்திற்கு வெளியே நிகழ்ந்ததைக் கணக்கில் கொள்ளலாமா? 1961ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில், பாஸ்டன் அணியின் கறுப்பின வீரர்களுக்குத் தங்கும் விடுதியின் சிற்றுண்டிச்சாலையில் உணவு மறுக்கப்பட்டது. ரசலும் அவர்தம் கறுப்பினத் தோழர்களும் அன்றைய ஆட்டத்தை ஆடாமலே ஊர் திரும்பினர். அந்நாளில் அது எளிய செயலன்று. பந்தாட்டத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பார் உளர். வல்லவர் யார் என்பதே வினாவாயின், அவர் கூற்று சரியே. பெரியவர் யார் என்று வினவுவோர்க்கு அந்நாளை ஒதுக்கிவிட உரிமையில்லை. ரசலின் பக்கம் தட்டுத் தாழ்வது இங்கேதான்.

ஆனால் அவரும் ஒருமுறை தீர்ப்பு வழங்கினார். 1969ஆம் ஆண்டு இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டத்தில் சேம்பர்லேன் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். மீண்டும் களமிறங்க அவர் விரும்பியும் பயிற்றுநர் இசையவில்லை. அவருடைய லாஸ் ஏஞ்சலிஸ் அணி இரண்டே புள்ளிகளில் தோற்றது. சேம்பர்லேன் கடைசி நேரத்தில் ஒதுங்கிக்கொண்டார் என்னும் பொருள்பட ரசல் பின்னர் மாணவர் முன்னிலையில் பேசினார். அதுவரை அவ்விருவரும் களத்தில் பகைவராகவும், களத்திற்கு வெளியே ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்துண்ட நண்பராகவும் இருந்தவர்கள். நூற்று நாற்பது முறைக்கு மேல் நேருக்கு நேர் ஆடியவர்கள். சேம்பர்லேனை எடைபோட ரசலைவிடத் தகுதியுடையார் இருந்திருக்க முடியாது. அவர் எடையே பிழைத்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பின்னர் ரசல் தம் பிழையை உணர்ந்து மன்னிப்புக் கேட்டார்; நட்பு மீண்டது. 1999ஆம் ஆண்டு அக்டோபரில் சேம்பர்லேன் மறைந்தார். அவருடைய இரங்கற் கூட்டத்தில் எழுந்து பேசியவர்களுள் ரசலும் ஒருவர்.