சும்மா இருந்திருக்கலாமே

அம்பத்தூரில் என் வீட்டுக் கூடத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை கம்பெனிக்குப் போகிறவர்கள் இருவர், ஆவடியிலிருந்து வரும் கல்லூரி மாணவிகள் மூவர், ஓய்வு பெற்ற ஆசிரியையான நான், இன்னும் சிலர். ஒரு புத்தகத்தைப் பேசுவோம், அல்லது ஒரு படம் பார்ப்போம். அப்படி ஒரு கூட்டத்தில் இத்தாலிய இயக்குநர் மார்க்கோ பெலோக்கியோ 2009இல் எடுத்த 'வின்ச்செரே' படத்தைப் பார்த்தோம். தலைப்புக்கு 'வெல்வது' என்று பொருள். முசோலினி மறைத்த ஒரு பெண்ணையும் அவர் கைவிட்ட மகனையும் பற்றிய படம். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே போனதால் படம் முடிய இருட்டிவிட்டது.

விளக்கைப் போட்டதும் கம்பெனிக்குப் போகும் பெண்தான் முதலில் பேசினாள். "பாவம்தான் டீச்சர். ஆனா அந்தம்மா கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாமே. புள்ளையாவது பொழச்சிருக்கும்."

யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. இதே அறிவுரையை நான் ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தம்மாவின் கதை.

ஈடா டால்செர் 1880இல் ட்ரென்ட்டோ நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அந்தப் பகுதி அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. பாரிஸில் அழகுக்கலை கற்று, மிலானில் சொந்தமாக அழகு நிலையம் நடத்தினார். முசோலினி அப்போது சோஷலிசப் பத்திரிகைக்காரர், கையில் காசில்லாதவர். கட்சியை விட்டு வெளியேறி 1914 நவம்பரில் சொந்தப் பத்திரிகை தொடங்கியபோது, ஈடா தன் சொத்தை விற்று அவருக்குக் கொடுத்தார். இருவருக்கும் திருமணம் நடந்தது என்று கடைசிவரை சொன்னார். அதற்கான பதிவு இன்றுவரை கிடைக்கவில்லை. 1915 நவம்பர் 11ஆம் தேதி பெனிட்டோ அல்பினோ பிறந்தான். அடுத்த மாதமே முசோலினி, ஏற்கெனவே தன் மகளுக்குத் தாயாக இருந்த ராக்கேலேயைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1916 தொடக்கத்தில் ஈடாவின் குழந்தையைத் தன் மகன் என்று சட்டப்படி ஏற்றார். மாதாமாதம் பணம் கொடுக்கும்படி மிலான் நீதிமன்றமும் உத்தரவிட்டது.

அதாவது, குழந்தைக்கு அப்பா உண்டு, அம்மாவுக்குக் கணவன் இல்லை. இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். ஈடா முடிக்கவில்லை. 1922இல் முசோலினி ஆட்சியைப் பிடித்த பிறகும் 'நான்தான் அவர் மனைவி' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அரசருக்கும் போப்பாண்டவருக்கும் கடிதம் எழுதினார். போலீஸ் பின்தொடர்ந்தது. 1926இல் பெர்ஜினே என்ற ஊரின் மனநோய் விடுதியில் அடைத்தார்கள். பிறகு வெனிஸ் அருகே சான் கிளெமெந்தே தீவு விடுதிக்கு மாற்றினார்கள். 1937இல், 57 வயதில், அங்கேயே இறந்தார். மகனை அவரிடமிருந்து பிரித்து, ஒரு பாசிச அதிகாரிக்குத் தத்துக் கொடுத்து, அப்பாவின் பெயரையும் பறித்தார்கள். வளர்ந்து கடற்படையில் சேர்ந்த அவனும் 'நான் முசோலினியின் மகன்' என்று சொன்னான். அவனையும் மிலான் அருகே ஒரு விடுதியில் அடைத்தார்கள். 1942இல், 26 வயதில், இறந்தான்.

படத்தில் ஒரு மருத்துவர் வருகிறார். நல்ல மனிதர். ஈடா சொல்வதை அவர் நம்புகிறார். அதனால்தான், இது உண்மையைக் கத்திச் சொல்லும் காலம் இல்லை, இப்போது நடியுங்கள், அடங்கியவர்போல இருங்கள், காலம் மாறும் என்கிறார். எங்கள் கூடத்தில் எல்லாரும் தலையாட்டிய இடம் அதுதான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சர்வாதிகாரிகள் விழுவார்கள். முசோலினியும் 1943இல் விழுந்தார். ஈடா பொறுத்திருந்தால் பார்த்திருக்கலாம்.

இரவு படுத்த பிறகு இந்தக் கணக்கு இடித்தது. ஈடா மௌனமாக இருந்திருந்தால் அந்த மௌனத்தை உலகம் எப்படிப் படித்திருக்கும்? 'பார், உண்மையாயிருந்தால் சொல்லியிருப்பாளே' என்று. பேசினால் பைத்தியம், பேசாவிட்டால் பொய்க்காரி. மௌனம் தவறே இல்லாத ஒரு பாதுகாப்பு இடம் என்று நினைப்பவர்கள், அங்கே ஒரு பெண் தனக்கு எதிராகவே கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

1904ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டப்படி ஒருவரை மனநோய் விடுதியில் அடைக்க, தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவராக இருக்க வேண்டும், அல்லது பொது இடத்தில் அவமானம் உண்டாக்குகிறவராக இருக்க வேண்டும். அவமானம் என்பதும் ஒரு நோய்க்குறி. யாருக்கு அவமானம் என்று சட்டம் கேட்கவில்லை. இதை வாசித்தபோது எங்கள் பக்கத்துப் பேச்சு நினைவுக்கு வந்தது. 'அது கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லாத தெரு சென்னையில் உண்டா? 1794இல் தொடங்கிய அந்த மருத்துவமனை எத்தனையோ பேருக்கு உண்மையான சிகிச்சை தந்திருக்கிறது. ஊர்ப் பெயர் வசையானதற்கு மருத்துவமனை பொறுப்பில்லை. நம் நாக்குதான் பொறுப்பு. வரதட்சணைக்கு எதிராகக் குரல் உயர்த்தினவள், சொத்தில் பங்கு கேட்டவள், மாமனாரின் கையைப் பற்றி வெளியே சொன்னவள் என்று எத்தனை பேரை அந்த ஒரு வார்த்தையால் வாயடைத்திருக்கிறோம். பூட்டு போட அரசாங்கம் தேவையில்லை.

ஈடாவிடம் இல்லாமல் போனது சாட்சி. இது நமக்குப் புதிய கதை இல்லை. குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு தலைவி, அவன் என்னைக் கூடிய அன்று அங்கே ஒருவரும் இல்லை, மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டும்தான் இருந்தது, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள். அவன் இன்னும் பொய் சொல்லவில்லை. சொல்லக்கூடும் என்பதே அவளுக்கு அச்சம். பொய்யும் தவறும் புகுந்த பிறகே பெரியவர்கள் திருமணச் சடங்கை வகுத்தார்கள் என்கிறது தொல்காப்பியம். சடங்கின் வேர் புனிதத்தில் இல்லை, ஆண் சொன்ன பொய்யில் இருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 1967இல் அண்ணாதுரை அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியபோது புரோகிதரை நீக்கியது, தீயை நீக்கியது. ஆனால் உறவினரோ நண்பரோ வேறு யாரோ பார்க்க நடக்க வேண்டும் என்பதை நீக்கவில்லை. பார்க்கிற கண் வேண்டும்.

சகுந்தலை கதையையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். மகாபாரதத்துச் சகுந்தலையிடம் மோதிரம் கிடையாது. பிள்ளையோடு சபைக்கு வந்து, துஷ்யந்தனின் முகத்துக்கு நேரே வாதாடுகிறாள். அவன் மறுக்கிறான். வானிலிருந்து குரல் வந்த பிறகு, எனக்கும் தெரியும், ஆனால் இவள் பேச்சை மட்டும் வைத்து ஏற்றால் ஊர் சந்தேகிக்கும் என்கிறான். காளிதாசர் இதை மாற்றி மோதிரத்தையும் துர்வாசரின் சாபத்தையும் கொண்டுவந்தார். சாபத்தால் ராஜாவுக்கு மறந்துபோயிற்று, பொய் சொல்லவில்லை. நாம் பள்ளியில் படித்தது இந்த இரண்டாவது கதையைத்தான். பெண்ணின் வார்த்தை இருந்த இடத்தில் ஒரு பொருள் வந்து உட்கார்ந்தது. ஆணின் பொய் இருந்த இடத்தில் ஒரு மறதி.

நம் காலத்து மோதிரம் மரபணுச் சோதனை. மூன்று முறை உத்தரப் பிரதேசத்துக்கும் ஒரு முறை உத்தராகண்டுக்கும் முதலமைச்சராக இருந்தவர் என்.டி. திவாரி. அவர் சர்வாதிகாரி அல்லர், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். ஆனாலும் ரோஹித் சேகர் என்ற இளைஞர் 'இவர் என் அப்பா' என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அவர் ரத்தம் கொடுக்கவே ஆண்டுக்கணக்கில் மறுத்தார். உச்ச நீதிமன்றம்வரை போன பிறகு 2012 மே மாதம் ரத்தம் எடுக்கப்பட்டது. ஜூலையில் முடிவு வந்தது, அப்பா அவர்தான். ரோஹித்தின் தாய் உஜ்வலா சர்மா அதுவரை சொன்ன அதே செய்தியைச் சில துளி ரத்தம் சொன்னதும் நாடு நம்பியது. 2014இல், தம் 88ஆம் வயதில், திவாரி உஜ்வலாவைத் திருமணம் செய்துகொண்டார்.

ரோஹித் வென்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ரத்தம் பிள்ளைக்காக மட்டுமே பேசும். யாருக்கு யார் பிறந்தார் என்று சொல்லும். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று சொல்லாது. ஈடாவின் காலத்தில் இந்தச் சோதனை இருந்திருந்தாலும் அவருக்குப் பயனில்லை. மகனை முசோலினி முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டாரே! மறுக்கப்பட்டது ஈடாவின் பகுதி மட்டும்தான்.

இங்கே இரண்டு சங்கடங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, ஈடா நேசித்தது ஒரு பாசிஸ்ட்டை. எதிர்க்கட்சிக்காரர்களும் தொழிற்சங்கத்தாரும் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஈடா கேட்டது அவர் பக்கத்தில் ஓர் இடம். 'நம்ம ஆளு இல்லையே டீச்சர்' என்றாள் ஒரு மாணவி. உண்மைதான். ஆனால் நல்ல அரசியல் உள்ள பெண்ணுக்குத்தான் நியாயம் என்று ஆரம்பித்தால், நல்ல நடத்தை உள்ள பெண்ணுக்குத்தான் நியாயம் என்று சொல்கிறவர்களோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம். ஈடாவின் ஆசையை நான் ஏற்க வேண்டியதில்லை. அதற்காக அவரைப் பூட்டியதை ஏற்க முடியாது.

இரண்டாவது சங்கடம் பிள்ளை. படத்தில் ஆட்சிக்கு வந்த முசோலினி பழைய செய்திப் படங்களில் மட்டுமே தெரிகிறார். முன்பாதியில் அவராக நடித்த அதே நடிகர் பின்பாதியில் மகனாக வந்து, அப்பாவின் மேடைப்பேச்சை முகம் கோணக் கோணச் செய்து காட்டுகிறார். அதைப் பார்க்க முடியாமல் நாங்கள் தலைகுனிந்தோம். அம்மாவின் வழக்கைப் பிள்ளை தோளில் சுமக்கத்தான் வேண்டுமா? அவனைக் கொன்றது ஈடாவின் பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன், பூட்டியவர்கள் வேறு. ஆனால் பிள்ளையின் நலனும் தாயின் உண்மையும் எப்போதும் ஒரே பக்கம் நிற்கும் என்றும் சொல்ல முடியவில்லை. 'புள்ளையாவது பொழச்சிருக்கும்' என்ற அந்தப் பெண்ணின் கணக்கில் பொய் இல்லை.

இப்போது என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் நான்கு வயதுப் பிள்ளையோடு மனு எழுதித் தரச் சொல்லி வந்தாள். அந்த ஆள் கொஞ்சம் செல்வாக்குள்ளவர், குடும்பஸ்தர். கோயிலில் மாலை மாற்றியதாகச் சொன்னாள். படம் இல்லை. கூட இருந்த ஒருவரும் இப்போது வாய் திறக்கவில்லை. மனுவில் 'என் கணவர்' என்று எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை. முதல் மனைவி இருக்கையில் நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது, அதை இழுத்தால் வழக்கே சிக்கும், பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கப் பெற்றோரின் திருமணத்தை நிரூபிக்கத் தேவையில்லை, அதை மட்டும் கேட்போம் என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரி. பணமும் வந்தது. ஒருநாள் பூந்தமல்லி பேருந்தில் பார்த்தபோது கேட்டாள்: "பணம் வருது டீச்சர். ஆனா அந்தப் பேப்பர்ல நான் யாரு?"

எனக்குப் பதில் இல்லை.

வின்ச்செரே மருத்துவரையும் என்னையும் சேர்த்தே யோசிக்கிறேன். ஒரு பெண் தன் பிள்ளைக்காக, தன் உயிருக்காக, இப்போதைக்கு அடங்கிப் போகிறேன் என்று முடிவெடுக்கலாம். அது கோழைத்தனம் இல்லை. அடிமைப்பட்டவர்கள் பிழைத்து வந்ததே அப்படித்தான். ஆனால் அந்த முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். நான் அவளைக் கேட்கவில்லை, தீர்மானித்துவிட்டேன். இன்னொன்றையும் செய்யத் தவறினேன். மௌனமாக இரு என்று சொல்கிறவர், அவள் பேசாத காலம் முழுக்க அவள் சொன்னதைத் தான் பத்திரமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். அவள் வாயை மூடச் சொல்லிவிட்டு நாமும் மறந்துபோனால், நாம் கொடுத்தது அறிவுரை இல்லை, பூட்டு. பார்த்தும் பேசாமல் நின்ற அந்தக் குருகுக்காவது வாய் இல்லை. நமக்கு இருக்கிறது.

2015இல் உச்ச நீதிமன்றம், திருமணமாகாத தாய் ஒருவர் அப்பாவின் பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலராகலாம் என்று தீர்ப்பளித்தது. சொல்லாமல் இருக்கும் உரிமை கிடைத்திருக்கிறது. நல்லது. சொல்லி, நம்பப்படும் உரிமை இன்னும் பாக்கி.

அந்தப் படம் பார்த்த வாரம் அவளைத் தேடிப் போனேன். முழுக் கதையையும் அவள் வாய்ச்சொல்லிலேயே மறுபடி சொல்லச் சொன்னேன். நாள், கோயில், அவள் கட்டியிருந்த சேலை, அவன் சொன்ன வார்த்தை, எல்லாம். 'என் கணவர்' என்று அவள் சொன்ன இடத்தில் அப்படியே எழுதினேன். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவள் என்று நானும் போட்டேன். அந்தத் தாளால் எந்த நீதிமன்றத்திலும் எதுவும் நடக்காது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

"தெரியும் டீச்சர்," என்றாள். மடித்து, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருந்த உறைக்குள் வைத்துக்கொண்டாள்.