அப்பாவின் எதிரி

அப்பா கட்டிய வீடு உங்களுக்கு வருகிறது. அவர் வாங்கிய கடனும் வருகிறது. சரி, இருபது வருஷமாக அவர் முகம் கொடுத்துப் பேசாத பங்காளி? அவரும் உங்களுக்கு எதிரிதானா?

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் பாரசீக இளவரசர் செர்க்ஸஸுக்கு இதே சிக்கல் வந்தது. பங்காளியின் இடத்தில் ஏதென்ஸ் நகரம். அவ்வளவுதான் வித்தியாசம்!

செர்க்ஸஸின் அப்பா மாமன்னர் டேரியஸ். கி.மு. 498-ல் அவருடைய சார்டிஸ் நகரம் தீக்கிரையானது. எரித்தவர்களோடு ஏதென்ஸ் வீரர்களும் இருந்தார்கள். அதன்பின், சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஏதென்ஸை ஞாபகப்படுத்த, டேரியஸ் ஒரு வேலையாளையே போட்டிருந்தாராம்! ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிரேக்கர், எதிர்க்கட்சி சாட்சி. அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 490-ல் மாராத்தானில் டேரியஸின் படை தோற்றது. மறுபடி படை திரட்டிக்கொண்டிருக்கும்போதே, 486-ல் அவர் இறந்துபோனார்.

செர்க்ஸஸ் மூத்த மகன் இல்லை. மூத்தவர் ஆர்ட்டோபஸானஸ். ஆனால் அவர் பிறந்தபோது டேரியஸ் ராஜா ஆகியிருக்கவில்லை. செர்க்ஸஸோ அப்பா அரியணை ஏறிய பிறகு பிறந்தவர். அம்மா அட்டோஸா, பேரரசை நிறுவிய சைரஸின் மகள். இந்த வாதம் ஜெயித்தது. அதாவது, 'இன்னாருக்கு மகன், இன்னாருக்குப் பேரன்' என்பதுதான் அவருடைய தகுதிச் சான்றிதழ்.

பட்டத்துக்கு வந்ததும் எகிப்தில் கலகம். அடக்கினார். பாபிலோனில் கலகம். அதையும் அடக்கினார். சரியோ தப்போ, அவை அவர் ஆட்சியின் தலைவலிகள். கிரீஸ் அப்படியில்லை. ஆரம்பத்தில் அவருக்கு அங்கே போக ஆசையே இல்லை என்கிறார் ஹெரோடோட்டஸ். அத்தை மகன் மார்டோனியஸ்தான் தூபம் போட்டார். அப்பாவுடன் பிறந்த ஆர்ட்டபானஸ், 'வேண்டாம், அவசரப்படாதே' என்று தடுத்தார். செர்க்ஸஸ் அவரைக் கோழை என்று ஏசினார். ராத்திரி யோசித்துவிட்டு, மறுநாள் சபையில் 'போர் இல்லை' என்றும் அறிவித்தார். ஆனால் கனவுகள் வந்து மிரட்டின, மனசு மாறிவிட்டது.

அது என்ன கனவு? எனக்குத் தோன்றுவது இதுதான்: அப்பா பெயரைச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, அப்பாவின் பகையை மட்டும் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் வரவில்லை.

கடனையும் பகையையும் இங்கேதான் நாம் குழப்பிக்கொள்கிறோம். அப்பாவின் கடனை நீங்கள் அடைக்காவிட்டால், நம்பிக் கொடுத்தவர் நஷ்டப்படுவார். அப்பாவின் பகையைத் தீர்க்காவிட்டால் யாருக்கு நஷ்டம்? கடன், கொடுத்ததும் தீர்ந்துபோகும். பகை, கொடுக்கக் கொடுக்க வட்டியோடு திரும்பி வரும்.

கி.மு. 480-ல் செர்க்ஸஸ் ஏதென்ஸை எரித்தார். அப்பாவின் கணக்கு தீர்ந்தது என்று நினைத்திருப்பார். அதே வருடம் சலாமிஸ் கடற்போரில் அவருடைய கப்பற்படை சிதறியது. அடுத்த வருடம் பிளாட்டியாவில் மார்டோனியஸின் உயிரும் போனது.

அத்தோடு முடிந்ததா? 150 வருடம் கழித்து, கி.மு. 330-ல் அலெக்சாண்டர் பெர்சபோலிஸ் அரண்மனையை எரித்தார். சொன்ன காரணம்? அன்றைக்கு ஏதென்ஸை எரித்ததற்குப் பழி!

உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு பெரியப்பா, யாரோ ஒரு அத்தை, 'அவங்களோட நமக்குப் பேச்சு இல்லை' என்ற பட்டியலில் இருக்கலாம். உங்களுக்கு அவர் செய்த கெடுதல் என்ன என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பதில் எதுவும் கிடைக்கவில்லையா? அப்படியானால் அந்தப் பட்டியலை உங்கள் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.