அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு

"கல்வராயன் மலைக்குப் போய் அருவி பார்க்கிறது உலக உல்லாசந்தானே, பாஸ்டர்?" என்று மூத்த விசுவாசிகள் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோணலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறும்போதே காற்று மாறிப்போகுது. வெள்ளிமலை வழியில் பெரியார் அருவியைச் சிரமமில்லாமல் பார்த்துவிடலாம். மேகம் அருவிக்குக் காட்டுக்குள்ளே கால் வலிக்க நடக்கணும். அந்த நடை நல்லது. மூச்சு வாங்கும்போது மனுஷனுக்குப் பெருமை அடங்கும். (நம்ம வாலிபர்கள் பாதி வழியிலேயே பிஸ்கட்டைத் தீர்த்துவிட்டார்கள்!)

என் கேள்வி வேறே. நமக்கு ஒருநாள் சந்தோஷமாயிருக்கிற இந்த நடை, அங்கே குடியிருக்கிற மலையாளிப் பழங்குடி ஜனங்களுக்கு என்னவாயிருக்கிறது? 1976 வரைக்கும் இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ஜனங்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் பாடுபட்டார்கள். பிறகுதான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூனில் கீழே நம்ம டவுனில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்குமேல் செத்தார்களே, அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து இந்த மலை ஜனங்களின் நிலைமையை விசாரித்தது. அத்தனை சாவு தேவைப்பட்டது, மேலே நிமிர்ந்து பார்க்க!

"ரோடு போட்டா காடு அழிஞ்சுபோயிடும், இந்த அமைதி போயிடும்" என்று வேனில் ஒரு தம்பி சொன்னான். அதில் நியாயமில்லாமல் இல்லை. லாரி ஏறுகிற வழியில் மரக்கள்ளனும் ஏறுவான். ஆனாலும் சாயங்காலம் கீழே இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவன் இதைச் சொல்லலாமா? ரோடு எட்டாத இடத்தில் பிரசவ வலி கண்டவளைத் தொட்டில் கட்டித் தூக்குகிறவன் சொன்னால் கேட்கலாம். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "நீங்க தண்ணி விழறதைப் பாக்க வர்றீங்க சாமி. நாங்க மழைக்காலத்துல ஓடையில தண்ணி எப்ப வடியும்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்." தம்பி பதில் பேசலை. நானும் பேசலை.

"அப்போ போகக்கூடாதா பாஸ்டர்?" என்கிறார்கள். தாராளமாப் போங்க. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாங்க. அங்கே விளைகிற சாமையோ, பொறுக்கிவந்த கடுக்காயோ விற்றால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்க. நம்ம சகோதரிகள் கடையில் பேரம் பேசுகிற பேச்சு எனக்குத் தெரியும். அதை மட்டும் அணைக்குக் கீழேயே விட்டுட்டு ஏறுங்க.